சகலை எடுத்த படமும் நான் அடித்த டீயும்

பக்கத்து வீட்டுக்காரன் கார் வாங்கினால் கொஞ்ச நாள் வயிறு எரியும், அப்புறம் ஆறிவிடும். கூடப் படித்தவன் வெளிநாடு போனால் இன்னும் கொஞ்ச நாள் கூடுதலாக எரியும். சகலை முன்னுக்கு வந்தால் மட்டும் அதற்கு மருந்தே கிடையாது. சகலை என்பவன் நம்மை அளந்து பார்ப்பதற்கென்றே கடவுள் அனுப்பி வைத்த டேப். ஒரே மாமியார், ஒரே மாமியார் வீடு, ஒரே குழம்புச் சட்டி. அந்தச் சட்டியிலிருந்து கறித்துண்டு முதலில் யார் இலைக்குப் போகிறது என்பதை வைத்தே வாழ்க்கையில் ஜெயித்தது யார் என்று சொல்லிவிடலாம். (சொல்லவே வேண்டாம், பந்தியில் உட்கார்ந்திருக்கிற எல்லோருக்கும் தெரியும்.)

எனக்குச் சொந்த ஊர் கல்லாவி. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் களை வெட்டி என்னை டிப்ளமோ படிக்க வைத்தார்கள். எங்கள் தெருவிலிருந்து ஓசூருக்குப் போய் கம்பெனிச் சட்டை போட்ட முதல் ஆள் நான். வண்டிகளுக்கு பிரேக் சாமான் செய்கிற தொழிற்சாலையில் புரொடக்‌ஷன் சூப்பர்வைசர். கிருஷ்ணகிரிக்குப் பெண் பார்க்கப் போனபோது என் மாமியார் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"வேலை பர்மனென்டுங்களா?"

"பர்மனென்டுங்க அத்தை" என்றேன். பெண்ணைக் காட்டுவதற்கு முன்பே கல்யாணம் முடிவாகிவிட்டது.

அந்தக் கல்யாணத்துக்கு வீடியோ எடுக்க வந்தவன்தான் பாஸ்கர். ஒல்லியான உடம்பு, தோளில் கேமரா. "அண்ணா, கொஞ்சம் சிரிங்கண்ணா, அண்ணா, கொஞ்சம் தள்ளுங்கண்ணா" என்று காலையிலிருந்து என்னைத் தள்ளிக்கொண்டே இருந்தான். ஏன் தள்ளினான் என்பது கேசட் வந்த பிறகுதான் தெரிந்தது. என் கல்யாண வீடியோவில் என்னைவிட என் கொழுந்தியா கவிதாதான் அதிகம் வருகிறாள். கெட்டிமேளம் கொட்டுகிற நேரத்தில் கேமரா அவள் கையிலிருந்த அட்சதைத் தட்டில் நிற்கிறது. ஓரத்தில் ஒரு கை மட்டும் தாலி கட்டுகிறது. அது நான்தான் என்பதற்கு மோதிரத்தைத் தவிர வேறு சாட்சி இல்லை.

அடுத்த வருஷம் பாஸ்கர் பெண் கேட்டு வந்தான். மாமியார் என்னிடம் யோசனை கேட்டார். நான் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு, "வீடியோ எடுக்கறதெல்லாம் ஒரு தொழிலா அத்தை? முகூர்த்தம் இருந்தா சோறு, ஆடி மாசம் பட்டினி" என்றேன். கவிதா பிடிவாதமாக நின்றாள். கல்யாணம் நடந்தது.

அதற்குப் பிறகு வந்த வருஷங்கள் என் பொற்காலம். விசேஷம் என்றால் முதல் இலை பெரிய மாப்பிள்ளைக்கு. டேபிள் ஃபேன் இருந்தால் அது என் பக்கம் திரும்பியிருக்கும். நானும் பெருந்தன்மையாக, "எங்க கேன்டீன்ல ஆள் எடுக்கறாங்க பாஸ்கர், சொல்லட்டுமா?" என்று கேட்பேன். அவன் கோபப்படாமல், "சொல்லுங்கண்ணா, வேணும்னா வர்றேன்" என்பான். (இப்படி ஒருவன் கோபப்படாமலே இருந்தால் அவனோடு எப்படித்தான் குடும்பம் நடத்துவது?)

கேன்டீனுக்கு அவன் வரவில்லை. உள்ளூர் கேபிளில் ஜவுளிக்கடை விளம்பரம் எடுத்தான். அதைப் பார்த்து யாரோ கூப்பிட, சென்னைக்குப் போனான். ஒரு டிவி விளையாட்டு நிகழ்ச்சியில் பரிசுப் பெட்டி தூக்கினான், ஒரு சீரியல் கம்பெனியில் மேனேஜர் ஆனான். அப்புறம் ஒருநாள் அவனே சீரியல் எடுக்க ஆரம்பித்துவிட்டான். சாயந்திரம் மணி அடித்தது போல எல்லார் வீட்டிலும் அந்தச் சீரியலின் பாட்டுக் கேட்கும். முடியும்போது "தயாரிப்பு" என்று அவன் பெயர் வரும். என் மாமியார் அந்தப் பெயர் மறையும் வரை டிவியை அணைக்க விடமாட்டார்.

நான் ஷிஃப்ட் இன்சார்ஜ் ஆன அன்று அரை கிலோ ஜாங்கிரி வாங்கிக்கொண்டு கிருஷ்ணகிரிக்குப் போனேன். வீட்டில் ஏற்கெனவே கேசரி கிண்டி வைத்திருந்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. "அத்தை, உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றேன். "தெரியாம? அந்தப் பொண்ணு கோமாவிலிருந்து கண்ணு முழிச்சுட்டாளே, நேத்தே காட்டிட்டாங்களே" என்றார். அது பாஸ்கர் சீரியலின் கதாநாயகி. என் ஜாங்கிரியை யாரும் பிரிக்கவில்லை.

அன்றைக்கு வீடு திரும்பும்போது பஸ்ஸில் என் மனைவி மஞ்சுளாவிடம் சொன்னேன்: "அவனும் புரொடக்‌ஷன், நானும் புரொடக்‌ஷன். அவன் தயாரிக்கறது பொய். நான் தயாரிக்கற பிரேக் இல்லன்னா இந்த பஸ்ஸே நிக்காது."

"நம்ம ஸ்டாப் வருது, எழுந்திருங்க" என்றாள் அவள்.

இப்படி எரிந்துகொண்டிருந்த அடுப்பில்தான் பாஸ்கர் ஒரு லோடு விறகைக் கொண்டுவந்து கொட்டினான். சினிமாப் படம் எடுக்கப் போகிறானாம். அதுவும் எங்கள் பக்கத்திலேயே, குருபரப்பள்ளியில், ஹைவேயிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற ஒரு ஓட்டு வீட்டில். பல வருஷம் கழித்து ஊருக்குத் திரும்புகிற ஒரு பெண், பூட்டிக் கிடந்த அப்பாவின் வீட்டைத் திறந்து பார்க்கிறாள். அதுதான் படத்தின் முக்கியமான இடமாம்.

ஒரு சாயந்திரம் பாஸ்கரே என் வீட்டுக்கு வந்தான். கார் பெரியது. தெருவே எட்டிப் பார்த்தது. ஆனால் வந்தவன் செருப்பை வாசலில் ஒழுங்காக விட்டுவிட்டு, கை கட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

"அண்ணா, நாளைக்கு நான் சென்னையில இருந்தாகணும். படத்தை வாங்கற விஷயமா டிவிக்காரங்க கூப்பிட்டிருக்காங்க. இங்க ஷூட்டிங்கை நிறுத்தவும் முடியாது. ஹீரோயின் நாளைக்கு சாயந்திரம் ஐதராபாத் போயிட்டா, அடுத்து எப்ப கிடைப்பாங்கன்னு தெரியாது. வேலையெல்லாம் மேனேஜர் பாத்துக்குவாரு. ஆனா புரொடியூசர் சேர் காலியா இருந்தா யூனிட்டுல ஒரு மாதிரி ஆயிடும். நம்ம வீட்டு ஆள் ஒருத்தர் உக்காந்திருந்தா எனக்கு தைரியம்."

"நான் என்ன பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ண வேணாம்ணா. சும்மா உக்காருங்க. அது போதும்."

இந்த இடத்தில் புத்தியுள்ள ஒருவன் அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டிருப்பான். என் காதில் விழுந்தது "புரொடியூசர் சேர்" மட்டும்தான். அவன் போனதும் எங்கள் பிளான்ட் மேனேஜர் கிருஷ்ணமூர்த்தி சாருக்கு போன் போட்டேன். "சார், நாளைக்கு லீவு வேணும். ஒரு படம் புரொடியூஸ் பண்றேன். குடும்பத்தோட வாங்க, ஹீரோயினைப் பாக்கலாம்" என்றேன். (ஒரு நாள் புரொடியூஸ் பண்ணினாலும் புரொடியூஸ்தானே?)

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாகப் போய்ச் சேர்ந்தேன். வெள்ளைச் சட்டை, வெள்ளை பேன்ட், கூலிங் கிளாஸ். மேனேஜர் ஹீரோயினை அழைத்துவர ஓசூர் ஹோட்டலுக்குப் போயிருந்தார். லைட்மேன்கள் வண்டியில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். புரொடியூசர் சேர் வேப்பமரத்தடியில் இருந்தது. உட்கார்ந்தேன். நல்ல சேர்தான். ஆனால் நம்மை யாரும் பார்க்காதபோது எவ்வளவு நேரம்தான் உட்காருவது? வீட்டை ஒரு ரவுண்டு பார்க்கலாம் என்று உள்ளே போனேன்.

அடக் கடவுளே! மூலைக்கு மூலை ஒட்டடை. தரையெல்லாம் காய்ந்த இலை, புழுதி. சுவரில் மழைத்தண்ணீர் வழிந்தது போலக் கருப்பும் பழுப்புமாகக் கறை. கிழிந்த காலண்டர், உடைந்த பானை, ஒரு கால் இல்லாத ஸ்டூல். ஹீரோயின் வந்து நிற்கப்போகிற இடமா இது? எனக்குள் முதலில் வந்தது அதிர்ச்சி. அடுத்து வந்தது, மறைக்காமல் சொல்கிறேன், பரம சந்தோஷம். பாஸ்கரின் நிர்வாகம் இவ்வளவுதானா! என் ஷாப் ஃப்ளோரில் ஒரு சொட்டு எண்ணெய் சிந்தினால் நான் விடமாட்டேன். ஆடிட்டுக்கு வந்த வெளிநாட்டுக்காரன் என் லைனைப் பார்த்துவிட்டுக் கை கொடுத்திருக்கிறான். புரொடக்‌ஷன் என்றால் என்ன என்று இன்றைக்கு இந்தச் சினிமாக்காரர்களுக்குக் காட்டிவிடுவது என்று முடிவு செய்தேன்.

வேடிக்கை பார்க்க வந்து நின்ற பெண்களில் எல்லம்மா என்று ஒருவர், கையில் விளக்குமாறோடேயே நின்றார். விஷயத்தைச் சொன்னேன். உள்ளே எட்டிப் பார்த்த எல்லம்மா தெலுங்கில், "அந்தா தீசேயாலா சார்?" என்றார். எல்லாத்தையும் எடுத்துடறதா என்று கேட்கிறார்.

எனக்குத் தெரிந்த தெலுங்கில் கையை விசிறிக் காட்டினேன். "அந்தா! அந்தா!"

அவரும் இன்னும் இரண்டு பெண்களும் சேலையைத் தூக்கிச் செருகினார்கள். அடுத்த அரைமணி நேரம் அங்கே நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒட்டடை பறந்தது. இலையெல்லாம் குப்பைக்குழிக்குப் போனது. காலண்டரும் பானையும் பின்னாலேயே போயின. தரையைக் கழுவினார்கள். எல்லம்மா வீட்டில் கரைத்து வைத்த சுண்ணாம்பு இருந்தது. நடுச்சுவருக்கு அதையே பூசச் சொன்னேன். கறையெல்லாம் ஓடி ஒளிந்தது. வாசலில் சாணம் தெளித்து, படிக்கோலம் போட்டு, செம்மண் கரை கட்டினார்கள். நிலைக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தது என் சொந்த யோசனை. போட்டோ எடுத்து கிருஷ்ணமூர்த்தி சாருக்கு அனுப்பினேன். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

வண்டிகள் வந்தன. முதலில் இறங்கியவர் டைரக்டர் நவீன். தாடி வைத்த இளைஞர். வேகமாகப் படியேறி உள்ளே போனார். போன வேகத்தில் வெளியே வந்தார். தெருவை இடமும் வலமும் பார்த்தார். வேப்பமரத்தைப் பார்த்தார்.

"நாம வேற வீட்டுக்கு வந்துட்டோமா?" என்று மேனேஜரைக் கேட்டார்.

அவருக்குப் பின்னால் வந்த ஆர்ட் டைரக்டர் மணி, தலை நரைத்த பெரிய மனிதர், உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"யாரு பண்ணது இது?" என்றார் நவீன். குரலே எழும்பவில்லை.

பாராட்டப் போகிறார்கள் என்று நினைத்து நான் கையைத் தூக்கினேன். வகுப்பில் விடை தெரிந்த பையன் தூக்குவது போல நன்றாக, உயரமாக.

அப்புறம்தான் எனக்கு விளக்கினார்கள். அது நல்ல வீடாம். அதைப் பாழடைந்த வீடாக மாற்ற மணியும் அவருடைய ஆட்களும் நாள் கணக்கில் பாடுபட்டிருக்கிறார்கள். அந்த ஒட்டடை பசையில் இழுத்த ஒட்டடை. அந்தக் கறை ஒவ்வொரு கோடாக வரைந்த கறை. முந்தின நாள்தான் ஹீரோயின் கதவைத் திறக்கிற ஷாட் எடுத்து முடித்திருக்கிறார்கள். அதில் அந்த நடுச்சுவர் முழுசாகத் தெரியும். இப்போது அவள் கதவைத் திறந்து, ஒரு எட்டு வைத்து உள்ளே வந்தால், வீடு பொங்கலுக்குத் தயாராக இருக்கும்.

நவீன் வேப்பமரத்தைக் கட்டிக்கொண்டு நின்றார். அழுகிறாரா என்று பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. மேனேஜர் பாஸ்கருக்கு போன் போட்டு என்னிடம் நீட்டினார். நான் நடந்ததைச் சொன்னேன். திட்டப்போகிறான், இத்தனை வருஷம் கழித்துக் கடைசியில் திட்டப்போகிறான் என்று காத்திருந்தேன். திட்டினால் நானும் திருப்பித் திட்டலாம், கணக்கு நேராகிவிடும்.

"சரிண்ணா" என்றான். "பரவாயில்ல. நல்லது நெனச்சுத்தானே பண்ணீங்க. மணி அண்ணன் என்ன சொல்றாரோ அதைப் பண்ணிக் குடுங்க. நான் இங்க பேச்சை முடிச்சுட்டு உடனே கிளம்பறேன்."

பாவி, பொறுமையிலும் என்னை ஜெயித்துவிட்டான்.

போனை வாங்கிக்கொண்ட மேனேஜர், எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னார்: "பாஸ்கர் சார் தன் வீட்டையும் அவங்க மேடம் நகையையும் அடகு வெச்சுத்தான் இந்தப் படம் எடுக்கறாரு. இன்னைக்கு இந்த சீன் போச்சுன்னா படமே தொங்கிடும்." அவன் கெட்டுப் போகணும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. கொஞ்சம் மெதுவாக முன்னேறினால் போதும் என்றுதான் நினைத்தேன்.

மணியிடம் போய் நின்றேன். "ஐயா, இதைச் சரி பண்ண முடியுமா?"

அவர் சுவரைத் தடவிப் பார்த்தார். "சுண்ணாம்பு ஈரமா இருக்கறதும் நல்லதுதான். டீ டிகாஷன் வேணும். அண்டா அண்டாவா வேணும். அடிச்சு அடிச்சுக் காய விட்டா பழைய சுவரு மாதிரி வரும். ஒட்டடையை நான் பாத்துக்கறேன். டிகாஷனை நீங்க கொண்டாங்க."

ஹைவேயோரம் ஒரு டீக்கடைக்குப் பைக்கில் பறந்தேன். "மாஸ்டர், பெரிய அண்டாவுல டீ வேணும். பால் வேணாம். நல்லா ஸ்ட்ராங்கா. ஷூட்டிங்குக்கு."

மாஸ்டருக்கு ஷூட்டிங் என்றதும் முகம் மலர்ந்தது. "ஹீரோயினுக்குங்களா? நல்லா தாராளமா போட்டுடட்டுங்களா?"

டீத்தூளைச் சொல்கிறார் என்று நினைத்தேன். அந்த நிலைமையிலும் எனக்குப் புரொடியூசர் தோரணை போகவில்லை. "தாராளமா போடுங்க. கஞ்சத்தனமே வேணாம்" என்றேன்.

தக்காளித் தோட்டத்துக்காரர் ஒருவரிடம் கெஞ்சி, முதுகில் மாட்டி மருந்து அடிக்கிற ஸ்பிரேயரை வாங்கி, கிணற்றடியில் பலமுறை கழுவி எடுத்து வந்தேன். அடிக்க ஆள் இல்லை. மணியின் ஆட்கள் எல்லோரும் குப்பைக்குழியில் இறங்கி, காலண்டரையும் உடைந்த பானையின் ஓடுகளையும் தேடிக்கொண்டிருந்தார்கள். "நீங்களே மாட்டிக்கங்க சார்" என்றார் மணி. மாட்டிக்கொண்டேன். ஒரு கையால் பம்பு, ஒரு கையால் குழாய். மேலேயிருந்து கீழே வழிய வேண்டும், ஆனால் ஒரே மாதிரி வழியக்கூடாது. "அங்க ரொம்ப வழியுது, இங்க பத்தல" என்று மணி பின்னாலிருந்து சொல்லச் சொல்ல அடித்தேன். வெள்ளைச் சட்டை, வெள்ளை பேன்ட், கூலிங் கிளாஸ் எல்லாம் டீ. அறை முழுக்க ஏலக்காய் வாசனை அடித்தது. நல்ல கடை என்று நினைத்துக்கொண்டேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

அந்தக் கோலத்தில் நான் அடித்துக்கொண்டிருக்கும்போது வாசலில் ஒரு கார் கதவு சாத்துகிற சத்தம். கிருஷ்ணமூர்த்தி சார், அவர் மனைவி, பெங்களூரிலிருந்து வந்திருந்த அவர் மனைவியின் தங்கை, பெண்கள் இருவரும் நல்ல பட்டுச்சேலை கட்டிக்கொண்டு.

"எல்லி ரீ நிம்ம புரொடியூசரு?" என்று கன்னடத்தில் கேட்டார் அந்தத் தங்கை. எங்கே உங்கள் புரொடியூசர் என்கிறார்.

நான் சுவரைப் பார்த்துக்கொண்டு மறைந்துவிடப் பார்த்தேன். முதுகில் அவ்வளவு பெரிய டப்பாவை மாட்டிக்கொண்டு எங்கே மறைவது?

"செல்வராஜ்?" என்றார் சார்.

திரும்பினேன். மூக்கு நுனியிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. தப்பாகப் போன சாமானைத் திரும்பச் செய்யும்போது கம்பெனியில் சொல்வதுதான் வாயில் வந்தது. "ரீவொர்க் போயிட்டிருக்கு சார்" என்றேன்.

நல்ல மனிதர். தொழிற்சாலையில் தலை நரைத்தவர். வேறெதுவும் கேட்கவில்லை. "கேரி ஆன்" என்று சொல்லிவிட்டு, பெண்களை அழைத்துக்கொண்டு வேப்பமர நிழலுக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் எட்டிப் பார்த்தேன். புரொடியூசர் சேரில் அவர்தான் உட்கார்ந்திருந்தார்.

மத்தியானத்துக்கு மேல் சுவர் காய்ந்தது. மணி பெரிய கலைஞர்தான். ஒட்டடை, இலை, புழுதி எல்லாம் அதனதன் இடத்துக்கு வந்துவிட்டன. முந்தின நாள் ஷாட்டைப் போட்டுப் பார்த்து, நவீன் தலையை ஆட்டினார். எனக்கு உயிர் வந்தது. அந்த நேரம் பாஸ்கரின் காரும் வந்து நின்றது. வழியில் கிருஷ்ணகிரியில் கவிதாவையும் மாமியாரையும் ஏற்றிக்கொண்டு வந்திருந்தான். மாமியார் ஹீரோயினைப் பார்த்தே ஆக வேண்டும் என்றாராம். கவிதா கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் இருந்தது. நான் அதைப் பார்த்ததைப் பார்த்துவிட்டு, "பரவாயில்ல மாமா, நீங்க என்ன வேணும்னேவா பண்ணீங்க?" என்றாள். என் மேல் வழிந்த டீயைவிட அது சூடாக இருந்தது. ஒருவன் சொத்தையெல்லாம் வைத்துச் சூதாடுவது போலப் படம் எடுக்கிறான், அவன் பெண்டாட்டி இப்படி அமைதியாக நிற்கிறாள். எங்கள் வீட்டில் நான் ஒரு மிக்ஸி மாற்றினாலே மூன்று கேள்வி வரும்.

"எல்லாரும் சைலன்ஸ்" என்றார்கள். ஹீரோயின் உள்ளே வந்தார். வீட்டைச் சுற்றிப் பார்த்தார். அப்பா வழக்கமாகச் சாய்ந்து உட்காரும் இடம் அந்த நடுச்சுவர். மெதுவாகப் போய் அதில் நெற்றியை வைத்து, கன்னத்தை வைத்து, கைகளை விரித்து அணைத்துக்கொண்டார். கண்ணில் ஒரே ஒரு சொட்டு வர வேண்டும், அவ்வளவுதான், சத்தம் கூடாது என்று டைரக்டர் சொல்லியிருந்தார். அந்தச் சொட்டும் வந்தது.

அப்புறம் அவர் முகம் மாறியது. உடம்பு ஒரு தடவை குலுங்கியது. நெற்றியை எடுக்கப் பார்த்தார், வரவில்லை. "அப்பா!" என்று ஒரு அலறல். சுவரோடு ஒட்டிக்கொண்டு துடித்தார். "அப்பா! அப்பா!" என்று கதறினார். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. நவீன் வாயைப் பொத்திக்கொண்டு கண் கலங்க நின்றார், கட் சொல்லவில்லை. என் மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கிருஷ்ணமூர்த்தி சாரின் மனைவி விம்மினார்.

"கட்!" என்றதும் எல்லோரும் கை தட்டினார்கள். ஹீரோயின் மட்டும் சுவரை விட்டு வரவில்லை.

"எறும்பு!" என்று கத்தினார். "எறும்பு கடிக்குது! என்னைப் பிச்சு எடுங்க!"

கிட்டப் போய்ப் பார்த்தால், ஓட்டு இடுக்கிலிருந்து தரை வரைக்கும் சாரை சாரையாக எறும்பு. அந்தச் சுவர் ஊரிலுள்ள எறும்புக்கெல்லாம் விருந்து வைத்திருந்தது. ஹீரோயினின் முன்முடியும் சேலைத் தலைப்பும் சுவரில் பசை போட்டது போல ஒட்டியிருந்தன. மேக்கப் பெண்கள் வெந்நீர் வைத்து ஒவ்வொரு முடியாகப் பிரித்து எடுத்தார்கள்.

மணி சுவரில் விரலை வைத்தார். நாக்கில் வைத்தார். அப்படியே என் பக்கம் திரும்பினார்.

"சர்க்கரை" என்றார்.

மொத்தக் கூட்டமும் என்னைப் பார்த்தது. என் மாமியாருக்கு நம்பிக்கை வரவில்லை போலிருக்கிறது. முன்னால் வந்து அவரும் ஒரு விரல் தொட்டு ருசி பார்த்தார்.

"ஏலக்காய், இஞ்சி எல்லாம் போட்டிருக்குது" என்றார். "டீ நல்லாத்தான் இருக்குது."

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. ஹீரோயினாகவும் இருக்கலாம். ஈரத் தலையோடு, கன்னம் முழுக்கச் சிவப்புத் தடிப்போடு அந்தப் பெண் சிரித்ததுதான் எனக்கு ஞாபகம். நவீன் மானிட்டரில் அந்த ஷாட்டைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு, "இன்னொரு டேக் வேணாம்" என்றார். ஹீரோயின் நேரத்துக்கு ஐதராபாத் போய்ச் சேர்ந்தார்.

படம் வெளிவந்தது. பிரமாதமாக ஓடியது என்று சொல்ல மாட்டேன், ஓடியது. வீடும் நகையும் திரும்பி வந்தன. ஆனால் அந்த ஒரு காட்சியைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். நடிப்பு என்றால் இதுவல்லவா என்றார்கள். அப்பாவை இழந்த மகளின் உடம்பே அழுகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். ஓசூர் தியேட்டரில் என் பக்கத்து சீட்டுக்காரர் தேம்பித் தேம்பி அழுதார். "அது எறும்புங்க, எறும்பு வரக் காரணமே நான்தான்" என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. எப்படிச் சொல்வது? சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும்.

வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம் என்று பார்த்தேன். அதற்கும் பாஸ்கர் விடவில்லை. ஒரு டிவி பேட்டியில், "அந்த சீன் எப்படி சார் வந்துச்சு?" என்று கேட்டார்கள். அவன் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, "அதுக்குக் காரணம் எங்க ஓசூர் அண்ணன்" என்று ஆரம்பித்தான். ஒட்டடை, சுண்ணாம்பு, கோலம், அண்டா, ஸ்பிரேயர் எல்லாம் சொன்னான். அன்போடுதான் சொன்னான். என்னைக் கேலி செய்கிற ஒரு வார்த்தை கிடையாது. ஆனால் எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், எந்த இடத்தில் குரலை இறக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். பேட்டி எடுத்த பெண் சிரித்துச் சிரித்து மைக்கையே தவறவிட்டாள். கம்பெனியில் மறுநாள் செக்யூரிட்டி முதற்கொண்டு எனக்கு வணக்கம் வைத்தார்கள். பட்டதெல்லாம் நான், பல வருஷம் வயிறு எரிந்தது நான், டீயில் நனைந்தது நான். கடைசியில் என் அவமானத்தையும் அவன்தான் தயாரித்து வெளியிட்டான். அதுவும் ஹிட்.

அதனால்தான் இதை நானே ஒரு தடவை எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். மஞ்சுளா படித்துப் பார்த்துவிட்டு, "அவரு சொன்னது இன்னும் நல்லா இருந்துச்சுங்க" என்கிறாள்.

இப்போதெல்லாம் கிருஷ்ணகிரிக்குப் போனால் மாமியார் டீ போடுவார். பாஸ்கருக்கு, கவிதாவுக்கு, மஞ்சுளாவுக்கு, வந்திருக்கிற விருந்தாளிகளுக்கு எல்லாம் ஒவ்வொரு டம்ளராகக் கொடுத்துவிட்டு, கடைசி டம்ளரோடு என் முன்னால் வந்து நிற்பார். எல்லோரும் அதற்காகவே காத்திருப்பார்கள்.

"ஏன் பெரிய மாப்ள," என்பார், "குடிக்கவா, அடிக்கவா?"

"குடிக்கத்தான் அத்தை" என்று நான் வாய் திறந்து சொல்லும் வரைக்கும் டம்ளர் கைக்கு வராது.